மணலில் எழுதிய போதகர்



கடந்த சனிக்கிழமை, மார்கழிப் பனி விலகுமுன் அடையாற்றிலிருந்து வேனில் புறப்பட்டு, தரங்கம்பாடிக்குச் சென்று இரவே திரும்பினோம். டேனிஷ் கோட்டையின் முன் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வேண்டுமட்டும் வந்துவிட்டன. நான் எழுத விரும்புவது வேறொன்று.

1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், சீகன்பால்கு ஐயரின் கல்லறையருகே நின்றபோது, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை நம் வாலிபர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "ஐயா, இங்கிலீஷில் வாசிக்கட்டுமா?" என்றார். அடுத்தவரிடம் நீட்டினேன், அவரும் பின்வாங்கினார். அவர்களைக் குறைகூறேன். பாடல்களை ஆங்கில எழுத்தில் திரையில் காட்டலாமென ஒப்புதல் அளித்தவன் நானே.

1706 ஜூலை 9 அன்று அவ்வூர்க் கரையில் இறங்கிய அந்த ஜெர்மானிய இளைஞருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவையாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். 1715-இல் நூல் நிறைவுற்றது. 1719-இல், 36 வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் ஒரே மொழியோடு நிற்கவில்லையே என்று வேனிலேயே ஒரு சகோதரர் வாதிட்டார். உண்மைதான், ஆங்கில ஆராதனையை நான் எதிர்ப்பவன் அல்லன். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, கேட்டால் புரிகிறது. எழுத்து மட்டுமே கைநழுவியிருக்கிறது. கண்பார்வை மங்கிய பாட்டி, படுக்கையிலிருந்து தம் பழைய வேதாகமத்தை நீட்டி ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னால், பேரப்பிள்ளை என்ன செய்யும்? மருத்துவமனைச் சந்திப்புகளில் அந்த மௌனத்தை நான் கண்டிருக்கிறேன். ஓரங்களில் அவர் பென்சிலால் குறித்துவைத்த ஜெபங்கள் யாருக்காக?

ஆகவே, வருகிற ஞாயிறு முதல் ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம், மார்க்கு சுவிசேஷத்தைத் தமிழில் வாசிக்கப் பழகுவோம். மூத்தவர்கள் கற்பிக்க முன்வாருங்கள். பெற்றோரும் கற்க வரலாம். எழுத்துக்கூட்டுபவரைக் கண்டு சிரிப்பவர்களுக்கு மட்டும் இடமில்லை.