ஓடுகிற கணினியைக் குப்பை என்பது யார்?

தோழர்களே! நன்றாக ஓடும் தறியை, "புதுப் பூட்டு இல்லை, உடைத்துப் போடு" என்று ஒருவன் சொன்னால் சும்மா விடுவோமா? மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் கதை இதுதான்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புத் தவணை உண்டே என்பார்கள். தவணை விடுதலை ஆகாது! விண்டோஸ் 11 போடலாமே என்பார்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம்; இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் தொடக்க கால வரவுகள் இந்த வாசலில் நுழைய முடியாது. நம் பிள்ளைகள் படித்த பெட்டிகள் அவை!

பாதுகாப்புக்காகவே இந்த நிபந்தனை என்கிறது கம்பெனி. பாதுகாப்பு வேண்டியதுதான். அதற்காகக் கூலிக்காரன் கடன்பட்டுப் புதுப்பெட்டி வாங்க வேண்டுமா?

வழி இருக்கிறது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டார் கூடி வளர்த்தது லினக்ஸ். காசு கேட்பதில்லை, மூலநிரலை ஒளிப்பதில்லை. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி சரியா? சரியென்றால், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தபின் நிறுவுங்கள். நினைவகம் குறைந்த பெட்டிக்கு லுபுண்டு போன்ற இலகு வகை ஏற்றது. சில விண்டோஸ் மென்பொருள்கள் இதில் ஓடா, மறைக்கமாட்டோம்.

மக்கள் வரிப்பணத்தில் வந்த பெட்டிக்குச் சாவு நாள் குறிக்கக் கம்பெனி யார்? பரணில் கிடப்பதை இறக்குங்கள்! ஓட்டிப் பாருங்கள்! தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுங்கள்!