மேகநாத் சாகாவை நாம் எப்படி நினைவுகூரப் போகிறோம்?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் என்பதால் பள்ளி, கல்லூரி எங்கும் கண்காட்சி, பேச்சுப்போட்டி, வினாடி வினா என்று அமர்க்களப்படும். சர் சி.வி. ராமனுக்கு அந்த மரியாதை உரியதுதான். அதில் நமக்குப் பிணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் இன்னொரு நாள் சத்தமில்லாமல் வந்து போகிறது. 1956 பிப்ரவரி 16 அன்றுதான் மேகநாத் சாகா டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 62.

இயற்பியல் படிக்கும் தோழர்களுக்குச் சாகா சமன்பாடு தெரியும். ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பவியல் பாடநூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், அவர் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று சொன்னவர்கள் யார் என்பதெல்லாம் இயற்பியல் வகுப்பில் பேசப்படுவதில்லை. அதை நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

சாகா 1893 அக்டோபர் 6 அன்று டாக்கா மாவட்டத்தின் சிறு கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா ஜகந்நாத் சாகா சிறு மளிகைக்கடை வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஊரில் தொடக்கப்பள்ளி மட்டும்தான். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிமுலியாவுக்குப் போக வேண்டும். அங்கே அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தன் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கொடுத்தார். சாப்பாடும் கொடுத்தார். மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தத் தட்டுக் கதை சாகா பற்றி எழுதுகிற எல்லோருடைய கட்டுரையிலும் வரும். வந்த வேகத்தில் அது எளிமைக்கும் விடாமுயற்சிக்கும் எடுத்துக்காட்டாக மாறிவிடும். 'தட்டைக் கழுவிப் படித்து விஞ்ஞானி ஆனார், நீங்களும் உழைத்தால் முன்னேறலாம்' என்று முடிப்பார்கள். அந்தத் தட்டை அந்த வீட்டில் வேறு யாரும் ஏன் தொட மாட்டார்கள் என்று கேட்க மாட்டார்கள். ஏழைப் பையன் என்பதால் யாரும் தட்டைத் தனியே கழுவச் சொல்வதில்லை. சாகா பிறந்தது சுண்டி என்று அழைக்கப்பட்ட சாதிக் குழுமத்தில். வங்கத்து மேல்சாதி இந்துக்கள் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அனந்த பாபு நல்ல மனிதர், அவர் இல்லையென்றால் சாகா இல்லை. அந்த நல்ல மனிதரின் வீட்டுக்குள்ளும் சாதி ஒழுங்கு அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

படிப்பில் டாக்கா மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து மாதம் நான்கு ரூபாய் உதவித்தொகை பெற்றார். அண்ணன் ஜெயநாத் சணல் ஆலையில் மாதம் இருபது ரூபாய்க்கு வேலை செய்து, அதில் ஐந்து ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து எங்கும் கிளர்ச்சி நடந்த காலம் அது. ஆளுநர் புல்லரின் வருகைக்கு எதிர்ப்புக் காட்டிய மாணவர்களோடு நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித்தொகையும் போனது. வேறு பள்ளியில் சேர்ந்துதான் படிப்பை முடித்தார்.

1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஆசிரியர்கள் ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய். வகுப்புத் தோழர் சத்யேந்திர நாத் போஸ். இந்தக் கல்லூரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் பொற்காலம் என்பார்கள். அந்தப் பொற்காலத்தில் சாகா தங்கியது ஈடன் இந்து விடுதியில். அங்கே அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூசையில் அவர் கலந்துகொள்வதையும் எதிர்த்தார்கள். கல்விக்குத் தெய்வம் என்று சொல்லிக் கும்பிடுகிற இடத்தில், கணக்கில் இரண்டாம் இடம் வாங்கப்போகிற மாணவனை நிற்க விடவில்லை. சாகா அந்த விடுதியை விட்டு வெளியேறினார்.

படிப்பு முடிந்ததும் அரசின் நிதித்துறைத் தேர்வு எழுத நினைத்தார். புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு அனுமதி மறுத்துவிட்டது. ஒரு பக்கம் சாதி, மறுபக்கம் காலனி ஆட்சி. இரண்டிடமும் அடி வாங்கியவருக்கு அசுதோஷ் முகர்ஜி உருவாக்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் 1916இல் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் அவரும் சத்யேந்திர நாத் போசும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தேர்வுகளில் போஸ் முதல், சாகா இரண்டாவது. ஆனாலும் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சக மாணவன், சக ஆய்வாளன் என்ற சொல்லுக்கு அந்த இரண்டு பேரும் ஒரு பொருள் கொடுத்தார்கள்.

இனி அவருடைய அறிவியலுக்கு வருவோம். அதைச் சொல்லாமல் ஒரு விஞ்ஞானியை நினைவுகூர்வது நியாயமாகாது. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நிறமாலையில் கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் அடையாளம். ஆனால் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கோடுகள் வேறுபட்டன. அப்படியென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளால் ஆனதா? அல்லது வேறு காரணமா? வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்து ஒரு வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகும் என்பதற்கு 1920இல் சாகா ஒரு சமன்பாடு கொடுத்தார். உடனே பல புதிர்கள் அவிழ்ந்தன. சூரிய நிறமாலையில் ரூபிடியம் ஏன் தென்படவில்லை? அது அங்கே இல்லாததால் அல்ல, அந்த வெப்பத்தில் அயனியாகிவிட்டதால். அப்படியானால் வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அது தென்பட வேண்டும் என்றார். தேடிப் பார்த்தபோது தென்பட்டது. நட்சத்திரங்களை வகைப்படுத்தி வைத்திருந்த வரிசை உண்மையில் வெப்பநிலை வரிசை என்பதும் விளங்கியது. 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம் பெண் ஆய்வாளர் இதே சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று கணக்கிட்டார். ஆணாதிக்கம் மிகுந்த துறையில் அவர் சொன்னதை முதலில் மூத்தவர்கள் நம்பவில்லை என்பது தனிக்கதை.

ஒரே கூடத்தில் உட்காரக்கூடாது என்று விரட்டப்பட்டவரின் கணக்கை வைத்துத்தான் உலகம் நட்சத்திரங்களின் வெப்பத்தை அளந்தது. 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை.

புகழ் வந்த பிறகு சாதியைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் அவரைக் கொண்டாட இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவர் பேசினார். மூளைக்கும் கைக்கும் இடையில் இருந்த தொடர்பைச் சாதி அறுத்துவிட்டது, உழைக்கிற கைக்கு அறிவும் அறிவுள்ளவனுக்கு உழைப்பும் மறுக்கப்பட்டதால்தான் இந்த நாடு பின்தங்கியது என்று எழுதினார். அதற்குப் பதில் சொல்ல வந்த பழமைவாதிகளோடு வங்க இதழ்களில் நீண்ட விவாதம் நடந்தது. அதில் அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சியை வங்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். டாக்காவில் வயதான வழக்கறிஞர் ஒருவர் அவருடைய ஆய்வைப் பற்றிக் கேட்டாராம். சாகா உற்சாகமாக விளக்க விளக்க, 'இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே' என்றாராம். எந்த வேதத்தில், எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, தான் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்று பதில் வந்ததாம். இன்று அறிவியல் மாநாட்டு மேடைகளிலேயே புராண விமானமும் பிளாஸ்டிக் சர்ஜரியும் பேசப்படுகிற நாட்டில் இந்தக் கதைக்கு வயதாகவில்லை.

அவருடைய பெயருக்கும் ஒரு கதை உண்டு. வீட்டில் வைத்தது மேகங்களின் தலைவன் என்ற பொருளில் இந்திரனைக் குறிக்கும் பெயர் என்றும், இராவணன் மகன் மேகநாதனின் பெயராக அதை அவரே மாற்றிக்கொண்டார் என்றும் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். இந்திரனை வென்றவன் என்பதால் இந்திரஜித் என்று நமக்குத் தெரிந்தவன் அவன். இதன் அரசியலைத் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத இன்னொரு தொடர்பு இருக்கிறது. 1943இல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அதை ஆராய அமைத்த குழுவில் சாகா உறுப்பினர். தான் நடத்திய அறிவியல் இதழில் தாமோதர் பள்ளத்தாக்குக்கு ஒருங்கிணைந்த திட்டம் வேண்டும் என்று விரிவாக எழுதினார். அப்போது வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, மின்சாரத்தையும் நீர்ப்பாசனத்தையும் கவனித்துக்கொண்டிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1945 ஜனவரியில் கல்கத்தாவில் தாமோதர் திட்டத்துக்கான மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. அணை கட்டிய வரலாற்றைப் பேசும்போது வேறு பெயர்கள் வரும். சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டு வளர்ந்த இரண்டு அறிவாளிகள் இதில் பங்கு வகித்தார்கள் என்பது வராது. அம்பேத்கரும் அதே 1956இல், அதே டெல்லியில்தான் மறைந்தார்.

இவர்கள் மேல் நமக்கு விமர்சனமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பெரிய அணையும் பெரிய ஆலையும் வறுமையை ஒழிக்கும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. மைதான், பாஞ்செத் அணைகளுக்காக நிலத்தை இழந்தவர்களில் சந்தால் பழங்குடி மக்கள் இருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் சாகாவைப் போற்றினால், நாமும் சிலை வைக்கிற வேலையைத்தான் செய்கிறோம்.

சாகா கேள்வி கேட்கத் தயங்காதவர். 1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாகப் போட்டியிட்டு காங்கிரசைத் தோற்கடித்து மக்களவைக்குப் போனார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காகப் பேசினார். அணுசக்தித் துறை இரகசியத்துக்குள் இயங்குவதை எதிர்த்து 1954 மே மாதம் மக்களவையில் விவாதத்தைக் கிளப்பினார். நாட்டின் அணுசக்தியைத் தீர்மானிக்கிற இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லாமல் போனது. கல்கத்தாவில் அவர் தொடங்கிய அணு இயற்பியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. சாகா தலித்தா? மேற்கு வங்கப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் சுண்டி இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் 'சாகா நீங்கலாக' என்று இருக்கிறது. சட்டப்படி அவர் பட்டியல் சாதியினர் அல்லர். எனவே 'எங்கள் தலித் விஞ்ஞானி' என்று சுவரொட்டி அடிப்பது சரியாகாது. வங்கத்தில் அவர் அனுபவித்ததும் நம் சேரிகளில் நடப்பதும் ஒன்று என்று சொல்வதும் சரியாகாது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவர் சாதியால் அவமதிக்கப்படவில்லை என்று ஆகிவிடாது. சாதி படிநிலையாக இயங்குகிறது. அதன் நடுப்படியில் நிறுத்தப்பட்டவரையே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து விரட்டியது என்றால், கடைசிப் படிக்கும் கீழே தள்ளப்பட்டவர்கள் அந்தக் கல்லூரி வாசலையே பார்த்திருக்க முடியாது. சாகாவை நினைக்கும்போது, சாகாவாக ஆகவே முடியாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2007இல் தோராட் குழு டெல்லி எய்ம்ஸ் விடுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதைப் பதிவு செய்தது. 2018இல் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகுதான் எடுத்தார்கள். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்ட ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் இழந்தோம். இறந்த பிறகும் அவர் தலித்தா இல்லையா என்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாகாவின் சாதியைப் பேசாமல் மறைத்தவர்களும் ரோஹித்தின் சாதியை இல்லையென்று நிறுவப் பார்த்தவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை சாதியை மறக்க விடாதவர்கள், இறந்ததும் சாதியைப் பேசாதே என்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, உங்கள் துறையில் பிப்ரவரி 28க்குக் கூட்டம் நடத்தும்போது, பிப்ரவரி 16க்கும் ஒரு மணி நேரம் கேளுங்கள். சமன்பாட்டை விளக்க ஒருவர், விடுதிக் கதையைச் சொல்ல ஒருவர். இயற்பியல் தெரியாத சமூகவியல் மாணவர்களும் வரட்டும், சமூகவியல் தேவையில்லை என்று நினைக்கிற இயற்பியல் மாணவர்களும் வரட்டும். பேசி முடித்த பிறகு உங்கள் விடுதியில், உங்கள் ஆய்வகத்தில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், தனியாகச் சாப்பிடுவது யார் என்று கொஞ்சம் கவனியுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்து பெரிய நிறுவனங்களுக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் பேசும்போது, பாடம் கடினமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. பக்கத்தில் உட்கார ஆளில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்த இருக்கையில் போய் உட்காருவதற்கு நமக்கு எந்த அறிவிப்பும் எந்தக் குழுவின் அறிக்கையும் தேவையில்லை. இன்று மதியச் சாப்பாட்டுக்கே அதைச் செய்யலாம்.