ஜீவனாம்சம் தராவிட்டால் ஜெயில்... பாக்கி தீருமா?

"ஒரு மாசம் உள்ளே இருந்துட்டு வந்தா கணக்கு முடிஞ்சுது" – குழந்தைக்கு ஜீவனாம்சம் தராத அப்பாக்கள் சிலருக்கு இப்படியொரு நினைப்பு. முடியாது. சிறை, பணம் கொடுக்க வைக்கும் வழி மட்டுமே. பாக்கி அப்படியே நிற்கும். குல்தீப் கவுர் வழக்கில் 1980-களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. நம்பர் மாறினாலும் விஷயம் அதேதான்: தகுந்த காரணமின்றித் தவறும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. வாரன்ட் கேட்டு ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆனால், வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் பஸ் ஏறுபவரை உள்ளே தள்ளினால் வேலை போகும். குழந்தைக்கு என்ன மிஞ்சும்? சம்பளத்தில் பிடிப்பதே உருப்படியான வழி. ஜீவனாம்ச உத்தரவை சிவில் டிக்ரி போலவே நிறைவேற்றலாம் என்கிறது ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு (2020). சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, ஜீவனாம்சத்துக்காக சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடன்காரருக்கு இந்தச் சலுகை இல்லை.

சிக்கல், கான்ட்ராக்ட் வேலையில். அவர் கம்பெனி மாறினால், புது கம்பெனிக்கும் உத்தரவு வாங்க மறுபடி கோர்ட் ஏறுவது அம்மாதான்.