எண்கள் தீர்ப்பாகா

புள்ளிவிபரங்கள் பொதுச்சொத்தாகிவிடின் உண்மையும் தானாகவே பொதுச்சொத்தாகிவிடும் என நம்புவோர் பலர். கணினியின் முன் அமர்ந்து இரண்டு விடயங்களைத் தெரிவுசெய்தால் அட்டவணை தோன்றும். அட்டவணை தோன்றியதும் ஆய்வு முடிந்தது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் போதைப்பொருட் சிகிச்சைத் தரவுகளே தக்க சான்றாகும்.

அந்நாட்டுச் சிகிச்சை நிலையங்களின் அனுமதி விபரங்கள் 1992ஆம் ஆண்டு தொடக்கம் மாநிலங்களூடாகத் திரட்டப்பட்டு, 'சிகிச்சை நிகழ்வுத் தரவுத் தொகுதி' என்னும் பொருள்படும் பெயரில் சமஷ்டி அரசால் வெளியிடப்பட்டு வந்துள்ளன. வயது, பால், இனம், முதன்மைப் போதைப்பொருள், முன்னர் பெற்ற சிகிச்சை, சிகிச்சைக்கு அனுப்பியோர் முதலிய விபரங்கள் அவற்றில் அடங்கும். பெயர் நீக்கப்பெற்ற இத்தரவுகளை இணையவழிக் கருவிகள் மூலம் எவரும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வழிசெய்யப்பட்டது.

1992இல் மொத்த அனுமதிகளில் ஏறத்தாழ 6 சதவீதமே கஞ்சாவை முதன்மைப் பொருளாகக் கொண்டிருந்தன. 2002இல் அது ஏறத்தாழ 15 சதவீதமாயிற்று. கஞ்சா முன்னெப்போதிலும் கொடியதாகிவிட்டது என்பதற்கும், சட்டத்தின் பிடி தளரலாகாது என்பதற்கும் இத்தகைய எண்கள் அக்காலத்தில் ஆதாரமாகக் காட்டப்பட்டன. எண் பொய்யன்று, அதிலிருந்து பெறப்பட்ட முடிபே ஐயத்துக்குரியது.

அதே தரவில் 'அனுப்பியோர் யார்' என்னும் விபரத்தையும் சேர்த்து நோக்கின் காட்சி மாறுகின்றது. கஞ்சா தொடர்பான அந்த அனுமதிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை நீதிமன்றம் முதலான குற்றவியல் நீதித்துறை அமைப்புகளால் அனுப்பப்பட்டவை. தண்டனைக்கு அஞ்சிச் சிகிச்சையை ஏற்றவனும், நோயின் கொடுமை தாளாது தானே வந்தவனும் அட்டவணையில் ஒரே எண்ணாகின்றனர். கைதுகள் பெருகினால் அனுமதிகள் பெருகும். பெருகிய அனுமதிகளைக் காட்டி மேலும் கைதுகளை நியாயப்படுத்தலாம். சட்டம் தான் விதைத்ததைத் தானே அறுத்து, அதனை இயற்கையின் விளைச்சல் எனப் பறைசாற்றும் விந்தை இது. கஞ்சா தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. அதன் தீங்கை அளக்க இவ்வளவுகோல் உதவாது என்பதே பொருள்.

வேறு குறைகளும் உள. இத்தொகுதி எண்ணுவது அனுமதிகளையேயன்றி ஆட்களையன்று. ஓராண்டில் இருமுறை அனுமதிக்கப்பட்டவர் இருமுறை எண்ணப்படுவார். மேலும், இது பெரும்பாலும் பொதுநிதி பெறும் நிலையங்களையே சார்ந்தது. தம் பணத்தில் தனியார் நிலையங்களை நாடும் செல்வரின் போதை பெரும்பாலும் மறைந்திருக்க, வறியவரின் போதையே நாட்டின் போதையாகக் காட்சியளிக்கின்றது.

அவ்வாறாயின் இத்தரவுகளை நிபுணர்களிடமே ஒப்படைத்துவிடலாமே என்பர் சிலர். இவ்வாதம் முன்னையதினும் தீயது. தவறான முடிபை முன்வைத்தோர் பாமரர் அல்லர். அதிகாரமும் ஆலோசகரும் வாய்க்கப்பெற்றவர்களே. அவர்தம் கூற்றை எவரும் சோதித்தறிய முடிந்தமைக்குக் காரணம் தரவு திறந்திருந்தமையே. கதவை அடைத்தால் தவறு மறையாது. தவறைக் காண்போரே மறைவர்.

ஆகவே வேண்டப்படுவது வினாவும் பயிற்சியே. எண்ணப்பட்டது எது? எண்ணியவர் யார்? எண்ணப்படாது விடுபட்டவர் எவர்? இம்மூன்றையும் வினவாத மாணவன் எத்துணை விரைவான கருவியைக் கையாண்டாலும், பிறர் எழுதிவைத்த தீர்ப்புக்குக் கையொப்பமிடுபவனாகவே எஞ்சுவான்.