வெள்ளை மையின் விலையும் பராமரிப்பும்

விளம்பரப் பலகை அச்சிடும் தொழிலில் வெள்ளை நிறத்திற்கு ஒரு தனி நிலை உண்டு. வெள்ளைத் தாளிலும் வெள்ளைத் துணியிலும் அச்சிடுவதற்கு வெள்ளை மை வேண்டுவதில்லை. தளத்தின் வெண்மையே போதுமானது. கண்ணாடிக் கதவு, ஒளிபுகும் அக்ரிலிக் தகடு, வர்ணம் பூசிய தகரம், மரப்பலகை ஆகியவற்றில் எழுத்தைப் பதிக்கும்பொழுதுதான் அதன் தேவை எழுகின்றது. பிற நிற மைகள் பெரும்பாலும் ஒளியை ஊடுருவ விடும் தன்மையுடையவை. ஆகவே அவற்றின் அடியில் ஒரு வெண்படலம் இடாவிடில், கறுத்த தளத்தில் அந்நிறங்கள் மங்கி மறைந்துவிடும்.

நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் அடுத்த எல்லைக் கிராமங்களில் இவ்விஷயம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1956 நவம்பர் 1 ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் அமைந்தது. எல்லைக்கோடு இடையில் வந்தபின்னும் இருபுறத்து மக்களின் போக்குவரத்து நின்றுவிடவில்லை. அதியன்னூர் போன்ற ஊர்களில் ஒரு கடைப்பலகை மலையாளத்திலும் தமிழிலும் படிக்கப்பட வேண்டுமாயின், குறுகிய இடத்தில் இரு மொழிகளின் சிறு எழுத்துக்களும் தெளிவாக விழுதல் இன்றியமையாதது.

‘வெள்ளை நிறத்தின் மூலப்பொருள் நம் கடற்கரை மணலிலேயே கிடைக்க, வெள்ளை மை மட்டும் ஏன் இத்துணை விலை பெறுகின்றது?’ என்ற வினா இங்கு இயல்பாகவே எழக்கூடும். வினாவுக்கு அடிப்படை உண்டு. 1909 இல் ஜெர்மானிய இரசாயனி ஷோம்பர்க் மணவாளக்குறிச்சி மணலில் மானசைட் என்னும் தாதுவைக் கண்டறிந்தார். அன்று அந்தத் தாதுவுக்கே மதிப்பு. அதனுடன் கலந்திருந்த கரிய இல்மனைட் பின்னரே பெருமை பெற்றது. இல்மனைட்டில் பாதிக்கு மேற்பட்ட பங்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகும். அதனைப் பிரித்தெடுக்கத் திருவனந்தபுரத்தையடுத்த கொச்சுவேளியில் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை 1946 இல் தோற்றுவிக்கப்பட்டது. கொல்லத்துக்கு வடக்கே சவறையிலும் பின்னர் ஓர் ஆலை எழுந்தது. மணலுக்கும் ஆலைக்கும் நடுவே அமைந்த ஊர் அதியன்னூர் என்று கூறினும் பொருந்தும்.

ஆயினும் மணல் வேறு, மை வேறு. கரிய மணலைக் கந்தக அமிலத்தாலோ குளோரின் வாயுவாலோ சிதைத்து, இரும்பை நீக்கி, வெண்பொடியாக்குதல் முதற்படி மட்டுமே. அமிலமுறையில் எஞ்சும் இரும்பு உப்பையும் நீர்த்த அமிலத்தையும் தீங்கின்றி அகற்றுவதற்கும் செலவு உண்டு. அப்பால், பொடியின் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மைக்ரான் அளவில் இருத்தல் வேண்டும்; அவ்வளவில்தான் அது ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அலுமினா, சிலிக்கா முதலியவற்றால் மெல்லிய பூச்சு இட்டு, திரவத்தில் சீராகக் கலக்கவும் வேண்டும். மையின் விலை இவ்வேலைகளின் விலையே, மணலின் விலையன்று. மலிவான சுண்ணாம்புத் தூளை இதற்கு மாற்றாகக் கொள்ளவும் இயலாது. ரூடைல் வகை டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் 2.7, பிசினுடையது ஏறத்தாழ 1.5, சுண்ணாம்புத் தூளினுடையது 1.6 அளவே. ஆதலின் பிசினில் கலந்த சுண்ணாம்பு தளத்தை மறைக்காது.

விலையைவிடப் பெரிய தொல்லை பராமரிப்பில் உள்ளது. ரூடைலின் அடர்த்தி நீரைப்போல் 4.2 மடங்கு. திரவத்தில் விழும் நுண்துகளின் வேகம் அடர்த்தி வேற்றுமைக்கும் விட்டத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது ஸ்டோக்ஸ் 1851 இல் வெளியிட்ட விதி. மையின் பாகுநிலை நீரைப்போல் பத்து மடங்கு என்று கொண்டு கணக்கிட்டால், கால் மைக்ரான் வெண்துகள் ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கீழிறங்குகின்றது. நிற மையின் துகளோ அடர்த்தியில் 1.5, விட்டத்தில் 0.1 மைக்ரான் எனக் கொண்டால், அதன் வேகம் நாற்பதில் ஒரு பங்கே. அத்துகளை மூலக்கூறுகளின் இடைவிடாத மோதல் மிதக்க வைத்துவிடும். வெண்துகளுக்கு அத்துணை போதாது. இரு துகள்கள் ஒட்டிப் பருத்தால் வீழ்ச்சி இன்னும் விரைவாகும்.

இயந்திரத்தின் குறுகிய குழாயிலும் அச்சுத்தலையின் நுண்துளைகளிலும் ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவன்று. இரண்டு நாள் விடுமுறைக்குப் பின் இயந்திரத்தை இயக்கினால், மேலே தெளிந்த பிசினும் கீழே கட்டித்த வண்டலும் கிடைக்கும். ஒரு துளை அடைபட்டாலும் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு வெறுமையாக விழும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும், மலையாளத்தில் சந்திரக்கலையும் மிகச் சிறியவை. சிறு எழுத்தில் புள்ளி மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். மின்சார அபாய அறிவிப்பிலும் மருந்துக் கடைப் பலகையிலும் இக்குறையை அழகுக் குறைவு என்று மட்டும் கருதுதல் தவறு.

இதனைத் தடுக்க மையைச் சுழலச் செய்யும் பம்பு, நாள்தோறும் புட்டியைக் குலுக்குதல், காலையில் சிறிது மையை வெளியேற்றித் துளைகளைச் சோதித்தல், வெயிலும் வெப்பமும் படாமல் சேமித்தல் ஆகியன வேண்டும். இவை வேலை உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் ஒரே அளவினவே. இங்குதான் விலை நிர்ணயத்தில் பிழை நேர்கின்றது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி கேட்பது இத்தொழிலில் வழக்கம். எடுத்துக்காட்டாக, ஒரு சதுர அடிக்கு 2 மில்லிலிட்டர் வெள்ளை மை செலவாவதாகவும், பராமரிப்பில் நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர் வீணாவதாகவும், மாதத்திற்கு 25 வேலை நாட்கள் என்றும் கொள்க. மாதம் 500 சதுர அடி அச்சிடும் கடைக்கு மொத்தச் செலவு 1,250 மில்லிலிட்டர். சதுர அடிக்கு 2.5. மாதம் 50 சதுர அடியே அச்சிடும் கடைக்கு மொத்தம் 350 மில்லிலிட்டர். சதுர அடிக்கு 7. இரு கடைகளும் ஒரே கூலியைக் கேட்டால், சிறிய கடை ஒவ்வொரு பலகையிலும் நஷ்டமடைந்துகொண்டே இருக்கும். நஷ்டத்தை ஈடுசெய்ய அது முதலில் கைவிடுவது பராமரிப்பையே. அதன் பின் அச்சுத்தலையே பாழாகும்.

ஆகவே வெள்ளை மைக்கான கூலியை இரு கூறாக்குதலே நேர்மையான வழி. பரப்பளவிற்கு ஒரு கூலியும், பராமரிப்பிற்காக வேலைக்கு ஒரு நிலையான தொகையும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். வாடிக்கைக்காரருக்கு எதற்காகப் பணம் தருகிறோம் என்பது விளங்கும். அச்சடிப்போருக்கும் பம்பை நிறுத்தி மிச்சம்பிடிக்கும் ஆசை எழாது.

இவ்வாறு செய்தால் தேநீர்க் கடைக்காரரும் கிராம நூலகமும் வெள்ளை எழுத்துப் பலகையை வாங்க இயலாமற் போகும் என்று ஆட்சேபிக்கலாம். இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் மறைக்கப்பட்ட நஷ்டம் ஏழை வாடிக்கைக்காரருக்கு உதவியாகாது. சில மாதங்களில் உரியும் எழுத்தும், மூடப்பட்ட கடையும் அவருக்குப் பயன்படா. அவருக்கு வேறு வழிகள் உள்ளன. கண்ணாடியில் வெள்ளை ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டலாம்; தகரத்தில் தூரிகையால் எழுதலாம்; ஒரே பலகை பல வேண்டுமாயின் திரை அச்சு மலிவானது. அச்சகங்களும் வெள்ளை மை இயந்திரத்தை ஒவ்வொன்றும் வாங்கி வைப்பதற்குப் பதிலாக, அருகருகே உள்ள பல ஊர்களின் வேலையை ஒரே இயந்திரத்தில் சேர்த்தால் பராமரிப்புச் செலவு பகிரப்படும். வெள்ளை வேலை அரிதாகவே வரும் கடை, அக்குழாய்களைத் தூய்மைத் திரவத்தால் கழுவி நிரப்பி மூடிவிடுதல் நலம்.

சிறுதொழில் வளர்ச்சியில் ஈடுபட்ட களப் பணியாளர்கள் புதிய இயந்திரத்திற்குக் கடன் பரிந்துரைக்கும்பொழுது, மாதத்தில் எத்தனை சதுர அடி வெள்ளை வேலை கிடைக்கும் என்ற வினாவை முதலில் கேட்டல் வேண்டும். அச்சிட்ட மையும் வெளியேற்றிய மையும் நாள்தோறும் தனித்தனியே பதியப்படும் ஒரு குறிப்பேட்டையும் அறிமுகப்படுத்தலாம். ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடம். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நீர் எடுத்து, ஒன்றில் சுண்ணாம்புத் தூளையும் மற்றொன்றில் சிறிது எழுதுமையையும் கலந்து மறுநாள் வரை வைத்தால், வண்டல் படிவதையும் படியாததையும் மாணவர்கள் கண்ணாலேயே காண்பர். தம் ஊர்க் கடற்கரையின் கரிய மணலிலிருந்து கடைப்பலகையின் வெள்ளை எழுத்து வரை உள்ள நெடுவழியை அப்பாடத்துடன் இணைத்துக் கூறுவது பொருத்தமாகும். வெண்மை இயற்கையில் இலவசமாகக் கிடைத்தாலும், அதனை எழுத்தில் நிலைநிறுத்த நாள்தோறும் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புக்கு உரிய விலையை வெளிப்படையாகக் கேட்பதில் குறையேதும் இல்லை.