ஏரிக்கரையில் நமக்கு என்ன பங்கு?



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், எமது மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். உதகை ஏரிக்கரையில் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் விற்பவர். "ஹஜ்ரத், ரேஸ் கோர்ஸில் பூங்கா வருகிறதாம். எங்களை அங்கே நிற்க விடுவார்களா? ஒரு மனு எழுதித் தாருங்கள்" என்றார். "என்ன கேட்டு எழுதுவது?" என்றேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையில், எனக்கும் தெரியவில்லை. மனுவை ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டுச் சில செய்திகளைத் தேடிப் படித்தேன். அவற்றையே இம்மாதம் தங்கள் முன் வைக்கிறேன்.

உதகை ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி 1825இல் முடித்த நீர்த்தேக்கம் அது. இன்று படகு ஓடும் பரப்பு அதில் எஞ்சிய பகுதியே. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஏரி தூர்ந்த இடத்தில் எழுந்தவை. அந்த மைதானத்தின் 52 ஏக்கரைக் குத்தகைப் பாக்கிக்காக அரசு 2024 ஜூனில் கையகப்படுத்தியது. அங்கே சூழல் பூங்கா அமைக்கப்படும் என்றும் அறிவித்தது. ஏரி இழந்த நிலம் பொதுமக்களிடம் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் சோளவண்டிக்காரர் அடங்குவாரா?

அடங்காமல் போவதற்கு எவரும் தீங்கு நினைக்க வேண்டியதில்லை. ஓர் ஏலமே போதும். பூங்காவுக்குள் பத்துக் கடை கட்டி, அதிகத் தொகை கேட்பவருக்கு என்று அறிவித்துவிட்டால், வெளியூர் முதலாளி எடுத்துக்கொள்வார். வர்க்கி சுட்டு விற்பவரும், குதிரைச் சவாரிக்காரரும், நம் வீட்டுப் பெண்கள் பின்னும் கம்பளித் தொப்பியும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பிறகு வாசலில் நிற்பதும் ஆக்கிரமிப்பு எனப்படும்!

சென்னை மெரினாவில் நடந்ததை நினைவுகூருங்கள். நொச்சிக்குப்பம் லூப் சாலையோரத்து மீன் கடைகள் 2023 ஏப்ரலில் அகற்றப்பட்டன. மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டதோ 2024 ஆகஸ்டில். ஏறத்தாழ 15 கோடி ரூபாய்ச் செலவில் 366 கடைகள். கடைகள் கிடைத்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் அகற்றுவது முந்தி, அங்காடி பிந்தியதால், இடையில் அலைக்கழிந்தது ஏழைகளே. இந்த வரிசையை மாற்றக் கேட்பதுதான் மனுவின் முதல் வேலை என்று எனக்குப் பட்டது.

வெகுதூரத்துச் செய்தி ஒன்றும் உதவியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற விளையாட்டரங்கை அடுத்து, ஓட்டல்களும் கேளிக்கைக் கூடங்களும் கட்ட ஒரு நிறுவனம் முனைந்தது. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் ஏழை வாடகைதாரர்கள். பலர் பிறநாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவர்கள் கட்டடத்தை எதிர்க்கவில்லை, பேரம் பேசினார்கள். நிறுவனத்துக்கு நகராட்சியின் அனுமதியும் உதவியும் தேவை, அதற்கு ஊரின் எதிர்ப்பு இருக்கலாகாது என்பதை அறிந்திருந்தார்கள். 2001இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பூங்காக்களுக்குப் பத்து லட்சம் டாலர், வேலைகளில் அக்கம்பக்கத்தாருக்கு முன்னுரிமை, கட்டும் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு எளியவர் வாங்கும் வாடகைக்கு — அத்தனையும் எழுத்தில். அனுமதி வழங்கப்படுவதற்கு முன்பே கேட்டதால் கிடைத்தது. அடிக்கல் நாட்டிய பின் போயிருந்தால் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

நம் நாட்டில் அத்தகைய ஒப்பந்தத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் வெறுங்கையராகவும் நாம் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை, எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். தமிழகத்தின் நகரப் பகுதிகளில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. தங்கள் வார்டின் பகுதி சபைக்குத் தாங்கள் சென்றதுண்டா? நான் சென்றதில்லை. திருமண அழைப்பென்றால் குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை போகிறோம்.

மறு வாரம் அவர் வந்தபோது மனுவை எழுதினோம். பூங்கா வேலை தொடங்குமுன் ஏரிக்கரை வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை தர வேண்டும். கடைகளில் ஒரு பகுதியை ஏலத்துக்கு விடாமல், உள்ளூர்ச் சிறு வியாபாரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் நிர்ணயித்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும். தோட்டப் பராமரிப்பு வேலையில் இவ்வூர் இளைஞர்களுக்கு முன்னுரிமை வேண்டும். ஏரியில் கழிவுநீர் கலக்கும் கால்வாய்களையும் இத்திட்டத்தோடு சீர்படுத்த வேண்டும். கடைசிக் கோரிக்கை அவர் சொன்னது. "நாற்றம் அடித்தால் யார் ஹஜ்ரத் நின்று சோளம் தின்பார்கள்?" என்றார். எனக்குத் தோன்றாத கோரிக்கை அது.

முஸ்லிம் வியாபாரிகள் மட்டும் கையெழுத்திட்டால் போதுமா என்று கேட்டார். போதாது என்றேன். கரையில் நிற்கும் எல்லாரும் வேண்டும்; படகர், மலையாளி, தாயகம் திரும்பியோர் எவரையும் விடலாகாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவரை நிறுத்தி, அவர் மனைவியின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். விடியலில் எழுந்து சோளத்தை உரித்து அவித்துக் கொடுப்பவர் அவர்தானே.