ஒல்லி உடம்பும் சின்னத் தொப்பையும்

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன ஹார்ட் பிரச்சினை?" ஆக்லாந்தில் நம்ம அப்பாமார் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். கைகால் ஒல்லிதான். ஆனா சட்டைக்குள்ளே ஒரு சின்னத் தொப்பை இருக்கே, அதைத்தான் பார்க்கணும்.

கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, ஹார்மோன் சுரக்கும். 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின், 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். அடிபோனெக்டின் நேர்மாறு: தொப்பை கூடக்கூடக் குறையும். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுவது இதுதான். சர்க்கரை, பிரஷர், இடுப்புக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரும் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' உள்ளவர்களுக்கு இது குறைவாக இருப்பதைச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. மாரடைப்புக்குப் பாதை போடுவதும் இந்தக் கூட்டணிதான்.

இந்த ஹார்மோன்களை ஜிபி வழக்கமாகச் சோதிப்பதில்லை. பரவாயில்லை, வீட்டில் ஒரு இஞ்ச் டேப் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து பாருங்க. நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனம் வேணும்.

நியூசிலாந்தின் 2018 வழிகாட்டி, தெற்காசிய ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும் இதய ஆபத்தைக் கணிக்கச் சொல்கிறது. பொதுவாக மற்றவர்களுக்கு 45, 55. அதாவது பிள்ளை கிண்டிக்குப் போகும்போதே அப்பாவுக்குச் செக்கப். உங்க அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயசுக்கு முன்னாடி மாரடைப்பு வந்திருந்தா, அதையும் ஜிபியிடம் மறக்காமச் சொல்லுங்க.